மஞ்சள் பியூஸ்

வைப்பர் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. என் கண்ணுக்கு நேரே ஒரு கறுப்புக் கோடாக நின்றது. நெடுங்கேணியில் இருந்து புளியங்குளம் போகும் றோட்டில், வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் காடு தொடங்குகிற இடம் அது. கார்த்திகை மழை. விழுந்த தண்ணீர் வழிந்து போவதற்குள் அடுத்த தண்ணீர் விழுந்தது. றோட்டும் காடும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக அசைந்தன. நான் பிறேக்கை மிதித்து, குத்துமதிப்பாக இடது பக்கம் ஒதுக்கிக் காரை நிறுத்தினேன்.

"இஞ்சாருங்கோ, வைப்பர் நிண்டிட்டுது" என்றேன்.

பக்கத்துச் சீற்றில் இருந்த என் கணவர், "அதுதான்" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் ஒருநாள் காலை, கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் விளங்காமல் போயின. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியபோது கால் கொஞ்சம் திரும்பியது. பொல்லூன்றி நாலு அடி நடப்பார். பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும் என்றும், சொல்ல வேண்டியது தலைக்குள் இருக்கிறது, அது சொல்லாகி வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றும் டொக்டர் சொன்னார். பசித்தாலும் அதுதான், குளிர்ந்தாலும் அதுதான். கோபம் வந்தால் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். சந்தோசம் வந்தால் இழுத்துச் சொல்வார்.

பேச்சு போனது அவருக்கா என்று ஊரே கேட்டது. அவர் வாடகைக் கார் ஓடியவர். இதே கார்தான். பிள்ளைப்பேற்றுக்கும், கலியாண வீட்டுக்கும், வெளிநாடு போகிறவர்களை விமான நிலையத்தில் இறக்குவதற்கும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொழும்பு போய்த் திரும்பியவர்கள் கொழும்பைப் பற்றிச் சொல்வதை விட்டு, வழிநெடுக அவர் சொன்ன கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் மலையகத்தில் இருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்தடியில் வயல் செய்தவர்கள். கலியாணம் முடித்த புதிதில் நான் "ஆமா" என்று சொன்னால், "ஓம் எண்டு சொல்லும்" என்று சிரிப்பார். என் பேச்சைக் கேலி பண்ணிப் பண்ணியே மாற்றிவிட்டார். இன்று என் வாயில் இருக்கிற பேச்சு அவரிடம் பழகியது.

அவர் விழுந்தபிறகு காரை விற்கச் சொன்னார்கள். விற்றால் அவரை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? பஸ்ஸின் படி அவர் காலுக்கு உயரம். அதனால் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நான் வவுனியாவில் கார் பழகி லைசன்ஸ் எடுத்தேன். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. ஸ்ரேரிங் பிடிக்கப் பழகினேனே தவிர, பொனெற்றைத் திறந்தால் எது எது என்று தெரியாது. அதெல்லாம் அவருடைய வேலையாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்து ரோச் வெளிச்சம் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது வவுனியாவில் பேச்சுப் பயிற்சிக் கிளினிக்குக்கு. அதற்கு நாள் குறித்து ஒரு தவணை கிடைப்பது லேசில்லை. போன முறை அங்கே வேலை செய்கிற பிள்ளை, "அடுத்த முறை பாட்டு மாதிரி இழுத்துச் சொல்ல வைச்சுப் பாப்பம் அம்மா, சிலபேருக்கு அப்பிடி வரும்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். அன்று காலை அவர் தன்னுடைய வெள்ளைச் சேட்டைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். கேட்டு வாங்கினார் என்றால், அலுமாரியைக் காட்டி அதுதான் என்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, நாலாவதோ ஐந்தாவதோ சேட்டுக்குத் தலையாட்டினார்.

வைப்பர் நின்றதும் நான் சுவிற்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கிப் போய்க் கையால் தள்ளிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, அவர் இடது கையால் டாஷ்போட்டின் பெட்டியைத் திறந்து உள்ளே துழாவினார். பழைய கடதாசித் துண்டுகளும் ஒரு துவாயும் கீழே விழுந்தன. கடைசியில் இருமல் இனிப்பு வந்த ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். ஒரு கையால் அதைத் திறக்க முடியவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து மூடியைக் கிளப்பினார். மூடி தெறித்தது, உள்ளே இருந்ததெல்லாம் காலடியில் கொட்டுண்டது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் பியூஸ்கள்.

"பியூஸோ? பியூஸ் எரிஞ்சு போட்டுதோ?"

"அதுதான்" என்றார். இந்தமுறை தலையும் ஆடியது. கையை என் பக்கம் நீட்டித் திறப்பைத் திருகுவது போலக் காட்டினார். காரை நிற்பாட்டு என்கிறார் என்று விளங்கியது. திறப்பைத் திருகி நிற்பாட்டினேன். பிறகு தன் காலடியைக் காட்டினார். பியூஸ் பெட்டி அவருடைய சீற்றுக்கு முன்னால், டாஷ்போட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் இருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் மழை அவருக்கு மேலே அடித்தது. குடையை அவர் பக்கம் சாய்த்துக் கதவில் செருகிவிட்டு, றோட்டோரச் சேற்றில் முழங்காலில் இருந்தேன். விளங்காத வலது காலை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கம் வைத்தேன். அந்தக் காலின் பாரம் எனக்குப் பழகிவிட்டது, தூக்கும்போதெல்லாம் அவர் வெளியே பார்ப்பதும் பழகிவிட்டது. தலையை உள்ளே விட்டு மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்பக்கம் யப்பான் எழுத்து. நல்லகாலம் சின்னப் படங்களும் இருந்தன. வைப்பர் படத்துக்கு நேரே இருந்தது மஞ்சள் பியூஸ். விரலால் இழுத்தேன், வரவில்லை. வழுக்கியது. மூடியில் செருகியிருந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் இடுக்கியை அவர் சுட்டிக் காட்டினார். அதால் கவ்வி இழுத்ததும் வந்துவிட்டது.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவர் அப்படிப் பிடித்துப் பார்ப்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். உள்ளே வளைந்து ஓட வேண்டிய மெல்லிய கம்பி நடுவில் அறுந்து, பக்கத்தில் கறுத்திருந்தது. கொட்டுண்டு கிடந்ததில் மஞ்சளைத் தேடினேன். இரண்டு இருந்தன. ஒன்றைச் செருகி அழுத்தி, ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பினேன். வைப்பர் ஆடியது. கண்ணாடி துடைபட்டு றோட்டு தெரிந்தது.

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் திருத்திய முதல் வாகனக் கோளாறு அது. அவர் சிரிக்கவில்லை. இடது கையின் பெருவிரலை மடக்கித் தோளுக்கு மேலால் பின்பக்கம் காட்டினார்.

"அதுதான். அதுதான்."

"என்ன, திரும்பிப் போவமோ?"

"அதுதான்" என்றார். ஆனால் தலை இல்லை என்று ஆடியது. அவருக்கு ஓமும் இல்லையும் இப்படிக் குழம்புவது உண்டு, எதை நம்புவது என்று எனக்குத் தெரிவதில்லை.

"இண்டைக்கு விட்டால் இனித் தவணை எப்ப வருமோ தெரியாது. சரிவந்திட்டுதுதானே, போவம்" என்று சொல்லிக் காரை எடுத்தேன். அவர் கையை இறக்கவில்லை. பின்பக்கம் காட்டிக்கொண்டே வந்தார். மழைக்குப் பயந்து திரும்பச் சொல்கிறார் என்றுதான் எடுத்தேன். முந்தியென்றால் எந்த மழைக்கும் நிற்காதவர், இப்போது என் ஓட்டத்தை நம்பவில்லை என்று ஒரு சின்னக் கோபம் கூட எனக்கு வந்தது.

கொஞ்சத் தூரம் போயிருப்போம். தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்பியது. வைப்பர் நின்றது.

மறுபடி குடை, மறுபடி சேறு, மறுபடி அவர் காலைத் தூக்கி வைத்தேன். புதிதாகப் போட்ட மஞ்சளும் கறுத்துக்கிடந்தது. கையில் இருந்த கடைசி மஞ்சளைப் போட்டேன். இந்தமுறை காரை நகர்த்தவே இல்லை. அவருடைய கதவைச் சாத்திய அதிர்வில் அதுவும் போனது. போன் சார்ஜ் பண்ணுகிற ஓட்டைக்கும் மஞ்சள் பியூஸ்தான் என்று மூடியில் பார்த்து, அதைப் பிடுங்கி இங்கே செருகினேன். இரண்டு தரம் வைப்பர் ஆடியது. பிறகு அதுவும் எரிந்தது. இனிப் போனும் சார்ஜ் ஏறாது. அதை எடுத்துப் பார்த்தேன், சிக்னலும் இல்லை.

பியூஸ் எரிவதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருக்கும்வரை போடப்போட எரியும் என்று அப்போது யோசிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. பியூஸ்தான் பிழை என்று நினைத்தேன். இன்னும் ஒரு மஞ்சள் இருந்தால் போய்விடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் இப்போது சீற்றின் முதுகில் கையால் குத்தினார். குத்திவிட்டுப் பின்பக்கம் காட்டினார்.

"என்னெண்டு திரும்பிறது? முன்னுக்குப் போக ஏலாது, பின்னுக்குப் போக மட்டும் கண் தெரியுமோ? என்ன வேணுமெண்டு சொல்லுங்கோவன்."

அவர் வாயைத் திறந்தார். உதடு கூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒரு எழுத்து அங்கே வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. முன்பள்ளியில் ஒரு பிள்ளை சொல்லைத் தேடும்போது நான் செய்வதுபோல, என்னை அறியாமல் என் உதட்டையும் கூட்டினேன். வந்தது "அதுதான்".

அவர் சீற்றில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைச் சேட்டின் ஒரு பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

வவுனியாப் பஸ் ஒன்று தண்ணீரை வீசி அடித்துக்கொண்டு போனது. நான் கை காட்டவில்லை. காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், நாலு பேர் இறங்கி அவரைத் தூக்கியும் ஏற்றியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் ஒருதரம் அப்படித் தூக்கி ஏற்றினார்கள். அன்று முழுதும் அவர் சோறு தொடவில்லை.

அதற்குப் பிறகு முன்னால் இருந்து ஒரு சின்ன லொறி வந்து, எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிய வயதாளி. மற்றவர் லொறியை ஓட்டி வந்தவர், முப்பது முப்பத்தைந்து இருக்கும். தலைக்கு உரப்பை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா பிரச்சினை? இதிலை கனநேரம் நிக்காதேங்கோ. யானை கடக்கிற இடம்."

சொன்னேன். எரிந்த பியூஸ்களைக் காட்டினேன். ஓட்டிவந்தவர் அவற்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் எங்களிட்டையும் இல்லை. அது பறவாயில்லை, ஒரு வேலை செய்வம்" என்று சட்டைப் பையில் இருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த வெள்ளித்தாளைக் கிழித்தார். எரிந்த பியூஸ் ஒன்றின் இரண்டு காலையும் சேர்த்து அந்தத் தாளைச் சுற்றினார். "இதைப் போட்டால் எரியாது. வவுனியா போய்ச் சேந்திடலாம்."

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அவர் கதவடியில் குந்தி, என் கணவரிடம் "அண்ணை, காலை ஒருக்கா எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டார்.

என் கணவரின் இடது கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியில் அந்த மனிதர் கையை அசைக்க முடியவில்லை.

"அண்ணை, விடுங்கோ. நான் பியூஸ்தான் போடப்போறன்."

"அதுதான். அதுதான். அதுதான்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. பிடித்த கையை விடாமல், விளங்கிய இடது காலால் பியூஸ் பெட்டியின் மூடியைத் தட்டித் தூரத் தள்ளினார்.

ஓட்டிவந்தவர் கையை இழுத்து எடுத்தார். மணிக்கட்டில் விரல் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணைக்குத் தலையிலை ஏதும் சுகமில்லையோ?"

"வாதம் வந்தது தம்பி. பேச்சு வராது. மற்றது எல்லாம் விளங்கும். நீங்கள் சொன்னதும் அவருக்குக் கேட்டது."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். வயதாளிதான், "பிள்ளை, அவர் வேண்டாமெண்டால் விடு. நீ சொல்லு, போடுறதோ விடுறதோ?" என்று என்னைக் கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ் லொறிக்காரரின் விரலில் இருந்தது. அதைப் போட்டால் கிளினிக்குக்குப் போகலாம். பாட்டு மாதிரி இழுத்துச் சொல்ல வைக்கலாம். ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறாரா, அல்லது வருத்தத்துக்குப் பிறகு வருகிற அந்தக் கோபம்தானா என்றும் தெரியாது. நனைந்த துவாயைக் கையில் பிழிந்துகொண்டு நின்றேன்.

"விடுங்கோ ஐயா" என்றேன் கடைசியில். "மழை விட்ட பிறகு மெல்லப் போறம்."

அவர்கள் போனார்கள். போகும்போது ஓட்டிவந்தவர் ஒரு பழைய சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்து தந்தார். கண்ணாடியின் வெளிப்பக்கம் பூசினால் தண்ணீர் ஒட்டாமல் ஓடும் என்றார். பூசிப் பார்த்தேன். நுரைத்து வழிந்து இன்னும் தெரியாமல் போனது.

பிறகு காருக்குள் இருந்தோம். கண்ணாடி எல்லாம் மூச்சுக் காற்றில் பனித்துவிட்டது. நான் துடைக்க, அது மறுபடி பனித்தது. காட்டுக்குள் எங்கோ கிளை முறிகிற சத்தம் கேட்டது. மழையா, வேறு ஏதுமா தெரியவில்லை. தவணை நேரம் வந்தது, போனது. அது போகிற நேரத்தில் அவரும் டாஷ்போட்டில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

மழை தூறலான பிறகு காரைத் திருப்பினேன். ஓரமாக, ஊர்ந்து ஊர்ந்து, இடைக்கிடை நிறுத்தி இறங்கிக் கண்ணாடியைத் துவாயால் துடைத்து வீடு வந்து சேர்ந்தோம். நான் காரைத் திருப்பியதும் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னபடிதானே திரும்புகிறோம். ஆனால் அவர் அப்போதும் பெருவிரலைப் பின்னுக்குக் காட்டினார். இப்போது பின்னுக்கு என்றால் வவுனியா. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழம்பிப்போனார் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மழை விட்டதும் நெடுங்கேணியில் வாகன வயறிங் செய்கிற ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். தகரக் கொட்டகை. அவர் என் கணவருக்கு ஒரு கதிரை போட்டு நிழலில் இருத்திவிட்டு, முன்பக்கத்தைப் பிரிக்கத் தொடங்கினார். வைப்பர் மோட்டரைக் கழற்றினார், சுவிற்சைக் கழற்றினார். ஒரு பியூஸைப் போடுவார், அது எரியாமல் நிற்கும். திருப்பிப் பூட்டியதும் எரியும். மத்தியானம் வரை இதுதான் நடந்தது. "மோட்டர்தான் அக்கா பழுதாப் போட்டுது போல" என்றார். சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

என் கணவர் கதிரையில் இருந்தபடி கையை நீட்டி, காரின் பின்பக்கத்தைக் காட்டினார். கொட்டகையில் கார் நின்ற விதத்துக்கு, அந்தப் பக்கம்தான் றோட்டும் இருந்தது.

"அண்ணைக்கு வீட்டை போகவேணும் போல" என்றார் வயறிங்காரர்.

"ஓம். கொஞ்சம் பொறுங்கோ, முடியுது, போவம்" என்று நானும் சொன்னேன்.

பிறகு மோட்டரைத் திருப்பிப் பூட்டி, இன்னொரு பியூஸைப் போட்டு வைப்பரை ஓடவிட்டிருந்தபோது மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கழற்றி வைத்த மற்றச் சாமான்கள் நனையாமல் இருக்க, அவற்றை உள்ளே வைப்பதற்காக வயறிங்காரர் காரின் பின் கதவைத் தூக்கித் திறந்தார். திறந்த அந்தக் கணம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வைப்பர் நின்றது. அவர் கதவையும் வைப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். புதுப் பியூஸ் ஒன்றைப் போட்டுவிட்டு வந்து கதவைக் கொஞ்சம் இறக்கி ஏற்றினார். மறுபடி போனது.

பின் கதவு கூரையோடு சேருகிற மூலையில் ஒரு றப்பர்க் குழாய் இருந்தது. பின் கண்ணாடி வைப்பருக்குப் போகிற வயர்கள் அதற்குள்ளால்தான் போகின்றன. முன் வைப்பருக்கும் அதற்கும் பியூஸ் ஒன்றுதான். அவர் றப்பரை இழுத்துக் கழற்றினார். உள்ளே வயர்களில் ஒன்று தோல் வெடித்துச் செம்புக் கம்பி தெரிய இருந்தது. பக்கத்து வயரில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றியிருந்தது, பழைய ரேப்.

"இதை முந்தி ஆரோ ஒருக்காப் பாத்திருக்கினம்" என்றார்.

எனக்கு வேறு ஆரைத் தெரியும்? இந்தக் காரில் கை வைத்தவர் ஒருவர்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து பொல்லை ஊன்றி எழும்பி நின்றார். கை அந்த மூலைக்கு நேரே நீண்டிருந்தது.

"அதுதான்" என்றார்.

அந்தச் சொல்லைப் பல மாதமாக ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறேன். அன்று ஒருதரம்தான் அது சொல்ல வேண்டியதையே சொன்னது.

வயறிங்காரர் வெடித்த வயரை வெட்டி ஒட்டி, ரேப் சுற்றி, பிரித்த எல்லாவற்றையும் பூட்டித் தந்தார். வெள்ளித்தாள் கதையைச் சொன்னேன். "போடவிடாமல் பிடிச்சது நல்லது அக்கா. பியூஸ் எரியாட்டி வயர் எரியும். அது கூரைக்குள்ளாலை வாற வயர். உள்ளுக்கு ஆளோடை பத்தினால் என்ன செய்வியள்?" என்றார். கதவைத் திறந்து தானாக இறங்கி ஓட முடியாத மனிதரை வைத்துக்கொண்டு அதைப் போடச் சொல்லலாமா என்றுதான் நான் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "நீங்கள் பின் கதவைத்தான் காட்டினனீங்கள் என்ன? நான் வீட்டை போகச் சொல்லுறியள் எண்டு நினைச்சிட்டன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. முன்பு கதை சொல்லிச் சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருமே, அது போலவே இருந்தது, ஆனால் நிற்கவில்லை. நான் ஓரமாக நிறுத்தி, அழுகை நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

அதன்பிறகு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த பிள்ளை மேசையில் தாளம் போட்டுத் தண்ணி, தண்ணி என்று பாட்டாக இழுத்தாள். அவர் தாளத்தைச் சரியாகப் பிடித்தார். அதே மெட்டில், அதே இழுப்பில், அதுதான் என்று பாடினார். அவள் நல்லது என்றாள். நேரம் எடுக்கும் என்றாள். சிலருக்கு இவ்வளவோடு நிற்பதும் உண்டு என்பதை, நான் தனியாகக் கேட்டபோது சொன்னாள்.

கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. இன்னொரு விசயம்தான் எனக்குத் தீரவில்லை. கொஞ்ச நாளாகப் பின்நேரங்களில் அவர் வாசல் படலைப் பக்கம் கையைக் காட்டுகிறார். முதலில் நாய் உள்ளே வருவதைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு படலை சாய்ந்திருக்கிறது, அதைத் திருத்தச் சொல்கிறாராக்கும் என்று ஆள் பிடித்துத் திருத்தினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். வேலியோரம் நின்ற முருங்கையை வெட்டவா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான், எல்லாவற்றுக்கும் தலை இல்லை என்று ஆடுகிறது. நேற்றும் காட்டினார். கேட்பதற்கு என்னிடம் கேள்வி இருக்கவில்லை. கையைப் பிடித்துப் படலைவரை கூட்டிப்போனேன். இருவரும் நின்றோம். ஒரு ட்ரக்டர் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு சைக்கிளில் போனார்கள். அவர் றோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது போல நின்றார். இருட்டத் தொடங்கியதும் உள்ளே வந்துவிட்டோம்.